தொடாமல் விட்ட திட்டு

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்குச் செங்கமலத்தை முதன்முதலில் பார்த்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பத்து மணிக்கு வரவேண்டிய தண்ணீர் லாரி வரவில்லை. அந்தக் கோடையில் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாமே லாரிக்குக் காத்திருந்தன. அலுவலக வாசலில் குடங்களோடு நின்ற பெண்கள் கால் மணி நேரம் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சற்றே ஓய்ந்திருந்தார்கள். அப்போது கையில் குடம் இல்லாமல் ஒருவர் உள்ளே வந்தார்.

நான் பூவேலிப்பட்டு ஊராட்சியின் செயலர். வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவர் முடியும் இடத்தில் எங்கள் ஊர் தொடங்குகிறது. வந்தவர் ஏரியின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டு வரி ரசீது கேட்டும், குழாய் இணைப்புக் கேட்டும் வந்தவர்களை அறிவேன். ஏரியைக் கேட்டு யாரும் வந்ததில்லை. எதற்கு என்று வினவினேன்.

"நெலத்தத்தான் சிப்காட்டுக்குக் குடுத்துட்டோம். ஏரி யார் பேர்ல கீதுன்னு பாத்துக்கினு போலாம்னு வந்தேன் சார்."

கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வாங்கி வைத்திருந்த நகலை விரித்துக் காட்டினேன். நாற்பத்தோரு ஏக்கர், அரசு புறம்போக்கு. அவர் ஏரியின் கரையைச் சுண்டுவிரலால் ஒரு சுற்றுச் சுற்றி, மதகு குறிக்கப்பட்டிருந்த இடத்தில் விரலை நிறுத்தினார். "அப்போ எல்லார் பேர்லயும் கீது" என்று சொல்லிவிட்டு, நான்காக மடிந்திருந்த வரைபடத்தை மடிப்பு மாறாமல் மடித்துக் கொடுத்துப் போனார்.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அவரும் கணவர் திருமலையும் மூன்று ஏக்கர் நஞ்சையில் பயிர் வைத்தவர்கள். தொழிற்பேட்டைக்காக நிலம் எடுக்கப்பட்டபோது வந்த தொகை ஒரு வேனாகவும், ஒரு மாடி வீட்டின் முன்பாதியாகவும் மாறியது. வேன் இரண்டு விபத்துகளுக்குப் பின் கைமாறிப் போயிற்று. வீட்டின் பின்பாதி இன்றும் கம்பிகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. திருமலை ஒரு தொழிற்சாலை வாசலில் காவலராகச் சேர்ந்தார். செங்கமலம் வளைகுடா நாடு ஒன்றுக்குச் சமையல் வேலைக்குப் போய் ஆறு ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். அந்த ஆறு ஆண்டுகளும் மகள் ஐஸ்வர்யா சித்தி வீட்டில் வளர்ந்ததைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அங்கே கண்ட ஒரு செய்தியை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் சமைத்த வீட்டின் தலைவர் அந்நாட்டு நிதித்துறையில் நடுத்தரப் பதவியில் இருந்தவர். எண்ணெய் விற்று வருவதில் பத்தில் ஒரு பங்கை ஆள்பவர்கள் தொடுவதில்லை, இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதை அந்த வீட்டு அம்மையார் செங்கமலத்துக்குப் பேரீச்சம்பழங்களைக் கொண்டு விளக்கினாராம். பத்துப் பழங்களை மேசையில் வரிசையாக வைத்து, ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு, தம் வயிற்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். "பாஷ அரகொறதான் சார். பழம் புரிஞ்சிச்சி" என்பார் செங்கமலம்.

அவர் வரைபடம் கேட்டு வந்த அந்த ஆண்டே நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக அவரை நியமித்தோம். காலையில் வேலையாட்களின் பெயர்களைப் பதிவது, குழிகளை அளப்பது, வெயில் ஏறும் முன் வேலையை முடிப்பது ஆகியவை அவர் பொறுப்பு. ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டைக் கொண்டுவருவார். நான் செய்தித்தாளை மேசைமீது விரித்திருப்பேன். தலைப்புகளைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்பார். தில்லியில் வரவுசெலவுத் திட்டம் படிக்கப்பட்ட மறுநாள், ஆண்டுதோறும் தவறாமல் ஒரே கேள்வி வரும்: "பத்துல ஒண்ணு எடுத்து வெச்சாங்களா சார்?"

முதல் ஆண்டு நான் விரிவாக விளக்கினேன். நமது நாடு எண்ணெய் விற்கும் நாடு அன்று, வாங்கும் நாடு. வரவை மீறிய செலவைக் கடன் வாங்கி ஈடுகட்டும் நாடு, எதை எடுத்து வைக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வூட்லயுந்தான் கடன் இருந்துச்சி. அதுக்காக வெத நெல்லத் துன்னலியே" என்றார். அதன்பின் நான் விளக்கவில்லை. "வைக்கவில்லை" என்று மட்டும் சொல்வேன். "சரி, அடுத்த வருசம் பாக்கலாம்" என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு போவார்.

தொழிற்சாலைகளின்மேல் அவருக்கு வெறுப்பு இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். ஐஸ்வர்யா அப்போது ஒரகடத்தைத் தாண்டி ஒரு கைப்பேசித் தொழிற்சாலையில் லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். கம்பெனிப் பேருந்துக்காக நாலரை மணிக்கே எழும் மகளுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்பதே தாயின் ஆசை. ஆகவே 2023ஆம் ஆண்டு கோடையில் எங்கள் ஊர் எல்லையிலேயே ஒரு புதிய தொழிற்சாலை வருகிறது, அடிக்கல் நாட்டத் தில்லியிலிருந்து ஒரு பெரிய தலைவர் வருகிறார் என்ற செய்தி எட்டியபோது, தெருவிலேயே முதலில் மகிழ்ந்தவர் அவர்தான்.

அந்த இடம் தாழ்வான பழைய வயல். விழா நாளுக்குள் அதை மேடாக்கியாக வேண்டும். மண் எங்கள் ஏரியிலிருந்து வருவதாக ஏற்பாடு. ஏரியில் ஒரு மீட்டர் ஆழம் வரை எடுக்க அனுமதி கிடைத்தது. மேலே படிந்திருந்த மண்ணை மே மாதத்தில் நூறு நாள் ஆட்கள் கையால் வெட்டினார்கள். ஜூன் முதல் ஒப்பந்தக்காரரின் பொக்லைன்கள் இறங்கின. டிப்பர்களை நடத்தியவர் எங்கள் ஊர் ஜீவானந்தம், செங்கமலத்தின் பழைய வயலுக்கு அடுத்த வயல்காரர்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏரியில் மண் வெட்டுகிறவர்கள் நடுநடுவே ஒரு சிறு துண்டைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். சுற்றிலும் பள்ளமாக, அது மட்டும் தூண்போல நிற்கும். அதைத் திட்டு என்பார்கள். அளக்க வருகிறவர் அதன் உயரத்தைக் கொண்டு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அறிவார். அந்த மே மாதம் ஆறு திட்டுகளை விட்டவர் செங்கமலம். ஒவ்வொன்றின் தலையிலும் கோரைப்புல் ஒரு குடுமிபோல நின்றது.

ஆகஸ்டு மாதம் இரண்டாம் நாள் கூட்டுத் தணிக்கை. மூன்று பேர் கையொப்பமிட வேண்டும். ஊராட்சியின் சார்பில் நான். மற்ற இருவரும் எனக்கு முன்பே ஒப்பமிட்டிருந்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. நான் கரைமீது வண்டியை நிறுத்தி, இறங்காமலே திட்டுகளைப் பார்த்தேன். ஒரு மீட்டர் போலத்தான் தெரிந்தது. தாளில் எழுதியிருந்த அளவும் அதுவே. ஜீவானந்தம் நீட்டிய பேனாவால் வண்டியின் பெட்ரோல் தொட்டிமீது வைத்து ஒப்பமிட்டேன். நடந்தது இதுதான். இதை இப்போது ஒன்றிய அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எட்டு நாட்கள் கழித்து, அலுவலகம் மூடும் வேளையில் செங்கமலம் வந்தார். கொஞ்சம் ஏரி வரைக்கும் வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. தென்பாதியில் ஒரு திட்டின் அருகே என்னை நிறுத்தினார்.

"தலைல புல்லு கீதா பாருங்க."

இல்லை. திட்டின் தலை மேசைப்பலகைபோல வழவழப்பாக இருந்தது. பள்ளத்தை ஆழமாக்கியவர்கள் திட்டின் உச்சியையும் அதே அளவுக்குச் சீவியிருக்கிறார்கள். எவ்வளவு தோண்டினாலும் திட்டு ஒரு மீட்டராகவே நிற்கும். கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இறங்கி வந்து உச்சியைத் தொட்டுப் பார்த்தால் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அவர் குனிந்து பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். மணல். எங்கள் ஏரியில் தண்ணீரைத் தாங்குவது மேலே உள்ள களிமண் படுகை. அது கிழிந்து கீழே உள்ள மணல் தெரிந்துவிட்டால், எத்தனை மழை பெய்தாலும் நீர் தங்காது. சுற்றியுள்ள கிணறுகளும் அதோடு போகும். வடபாதியில் களிமண் இன்னும் மீதமிருந்தது. ஆனால் நாளுக்கு நூற்றைம்பது டிப்பர் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் அதுவும் தீர்ந்துவிடும்.

"நீங்க கையெழுத்து போட்டது தெரியும் சார்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. "அன்னிக்கி நான் அந்தக் கரைலதான் இருந்தேன். வண்டில இருந்து நீங்க எறங்கல."

கவனிக்கிறேன் என்று சொன்னேன். கவனிக்கவில்லை. எனக்கு ஏழாண்டுப் பணி மீதமிருந்தது. பொய் அளவுக்கு ஒப்பமிட்டவன் என்று தெரிந்தால் அது ஏழு நாள்கூட மிஞ்சாது. அடுத்து வந்த காலைகளில் அவர் ஒன்பது மணிக்குப் பதிவேட்டோடு வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, செய்தித்தாளையும் படிக்கச் சொல்லவில்லை. வாசல் வழியே டிப்பர்கள் போகும் ஓசையில் மேசைமீதிருந்த தண்ணீர்க் குவளை அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்டு பதினைந்தாம் நாள் கிராம சபை கூடியது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். வழக்கமான தீர்மானங்கள் முடிந்ததும் செங்கமலம் எழுந்து, ஏரியை மறுபடி அளக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் சலசலப்பு. தில்லியிலிருந்து தலைவர் வரப்போகும் நேரத்தில் வேலையை நிறுத்தினால் தொழிற்சாலை வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று சிலர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது. வேலைக்காகக் காத்திருந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

ஜீவானந்தம் சிரித்துக்கொண்டே எழுந்தார். "இன்னாக்கா, ஆறு வருசம் பாலைவனத்துல மணலையே பாத்துக்கினு இருந்துட்டு வந்த. இப்போ நம்மூரு மண்ணப் பாத்தா பயமா கீதா?"

பந்தல் முழுதும் சிரித்தது. செங்கமலமும் சிரித்தார்.

"மணலப் பாத்தவன்றதாலதான் தம்பி பயமா கீது. ஏரிக்கு அடில அதே மணலு எட்டிப் பாக்குது."

சிரிப்பு அடங்கியது. ஜீவானந்தம் என் பக்கம் திரும்பினார். செகரட்டரி சார் ஏரியில் இறங்கி, அளந்து பார்த்துத்தான் ஒப்பமிட்டார் என்றும், சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம் என்றும் கூறினார். "இறங்கி" என்ற சொல்லை அவர் சற்று அழுத்தியே சொன்னார். நான் இறங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தமக்குத் தெரியும் என்பதை எனக்குத் தெரிவித்தார்.

முந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். தீர்மானப் புத்தகம் என் மடியில் திறந்திருந்தது. வாய் திறந்தால் ஏரி பிழைக்கும், நான் பிழைக்க மாட்டேன். நான் எழுந்து நின்றேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. என்ன சொல்ல நின்றேன் என்று இன்றுவரை எனக்கே உறுதியாகத் தெரியாது. அதற்குள் செங்கமலம் பேசிவிட்டார்.

"சார் அளந்தது சரிதான். திட்டுதான் தப்பு. மே மாசம் திட்டு வுட்டவ நானு. மேட்டுல வுட வேண்டியத, பாக்காம பள்ளத்துல வுட்டுட்டேன். அதான் அளவு கொறச்சலா காட்டுது. எம்மேல தப்பு. மதகுக் கல்லுல இருந்து கயிறு கட்டி அளக்கச் சொல்லுங்க."

நாலாண்டுகளில் ஒருமுறைகூடத் திட்டைத் தப்பாக விடாதவர் அவர். அவரோடு வேலை செய்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜம்மா என்பவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செங்கமலம் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். திட்டே தவறு என்று அதை விட்டவரே ஒப்புக்கொண்டபின் மறு அளவீட்டை மறுக்க யாருக்கும் வழியில்லை. ஜீவானந்தமும் உட்கார்ந்துவிட்டார்.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன். இலக்கணம் பயின்ற கை, பிழையில்லாமல் எழுதியது. "பணித்தளப் பொறுப்பாளர் திருமதி தி. செங்கமலம் அவர்களின் கவனக்குறைவால் அளவுத் திட்டுகள் முறையாக அமையாமையின்..." என்று தொடங்கும் அந்த வாக்கியம் இன்னும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கீழே அவரும் ஒப்பமிட்டார். ஒப்பமிடும்போது, தம் பெயரை எழுதியிருந்த இடத்தை வெளிநாட்டு விசா தாளைச் சரிபார்ப்பவர்போல விரல் வைத்துப் படித்தார்.

இரண்டு நாளில் மதகின் அடிக்கல்லை மட்டமாக வைத்து அளந்தார்கள். தென்பாதியில் ஆழம் இரண்டு மீட்டரை நெருங்கியிருந்தது. வேலை அன்றே நின்றது, வடபாதி தப்பியது. மீதி மண்ணுக்கு ஒப்பந்தக்காரர் வேறு இடம் தேடிக்கொண்டார். தொழிற்சாலை எங்கும் போகவில்லை. செங்கமலத்திடமிருந்து பொறுப்பாளர் வேலை பறிக்கப்பட்டது. அந்த ஆணையின் நகலை அவரிடம் கொடுத்தவனும் நானே. "இனிமே காலைல கொஞ்சம் மெதுவா எழுந்துக்கலாம்" என்றார். மறுவாரம் மண்வெட்டியோடு வரிசையில் நின்று தம் பெயரைப் பதிந்துகொண்டார். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் சமையல் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

தலைவர் வந்த நாளில் ஊராட்சிக்கு நான்கு பேருந்துகள் ஒதுக்கியிருந்தார்கள். பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் செங்கமலம். மேடை வெகு தொலைவில் இருந்தது. தலைவரின் முகத்தைப் பெரிய திரையில் பார்த்தோம். நாட்டின் வளங்களைப் பற்றியும், இன்று செய்யும் சீர்திருத்தங்களின் பயனை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வரும் தலைமுறை துய்க்கப்போவதைப் பற்றியும் அவர் பேசினார். நன்றாகவே பேசினார். ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். செங்கமலம் தலையைச் சாய்த்து முழுதும் கேட்டு, எல்லோரும் கைதட்டியபோது தாமும் தட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"தொடாம வெக்கறதப் பத்தி இன்னா சொன்னாரு சார்?"

அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"அவ்ளோ பெரிய பேச்சு. வுட்டுப்போயிருக்கும்" என்றார், தலைவருக்காக வருத்தப்படுவதுபோல.

அவ்வாண்டு டிசம்பரில் அடித்த புயலில் ஏரி நிரம்பி, மிகுநீர் கலங்கல் வழியே வெளியேறியது. மாசி பிறப்பதற்குள் தென்பாதிப் பள்ளம் வற்றி, அடியில் வெண்மணல் பாளமாகத் தெரிந்தது. வடபாதியில் சித்திரை முடியும் வரை தண்ணீர் நின்றது. அதன் நடுவே ஒரு திட்டு, தலையில் கோரைப்புல்லோடு, நீருக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாரை அதில் வந்து உட்காரும். தெருக் கிணறுகளில் வாளி தரை தட்டவில்லை.

அன்றிலிருந்து அவர் எதையாவது கேட்பார் என்று காத்திருந்தேன். பொறுப்பாளர் வேலையைத் திரும்பக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. புதிய தொழிற்சாலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளின் பட்டியலை ஊராட்சி அனுப்பியபோது ஐஸ்வர்யாவின் பெயருக்காக வருவார் என்று நினைத்தேன். அவள் தானே இணையத்தில் விண்ணப்பித்து, தேர்வு எழுதிச் சேர்ந்த பிறகே எனக்குச் செய்தி தெரிந்தது. ஒருமுறை நானே பேச்சை எடுத்தேன். அந்தத் தீர்மானத்தைத் திருத்தி எழுத வழி இருக்கிறது, நடந்ததை நடந்தபடி பதியலாம் என்றேன். "எழுதினது எழுதினதா இருக்கட்டும் சார். ஏரில தண்ணி கீது" என்று சொல்லிவிட்டார்.

சென்ற ஜூன் மாதம் ஒரு காலையில் மகளின் திருமணப் பதிவுக்காக இருப்பிடச் சான்று தொடர்பாக வந்தார். வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். கடைசியில் நின்றார், முன்னால் வரச் சொல்லிக் கையசைத்தும் நகரவில்லை. முறை வந்ததும் தாள்களைக் கொடுத்தார். முத்திரையிட்டுத் திருப்பித் தந்து, வேறு ஏதேனும் வேண்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இரண்டு ஆண்டுகளாக எனக்குள் வைத்திருந்தேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே குடங்கள் இல்லை.

"எனக்கு இன்னா சார் வேணும்" என்றார். "லாரியே வர்றதில்ல இப்போ."

தாள்களை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் அவருக்குத் தர வேண்டியது இன்னும் என்னிடமே இருக்கிறது.